அட்டை கிழிந்த புத்தகங்களின் முதல் வரி

நூல் ஒன்றின் முதற்சொல் மங்கலச் சொல்லாக அமைதல் வேண்டும் என்பது தமிழ்ப் புலவர்கள் வழிவழியாகப் போற்றிவந்த மரபு. நக்கீரரின் திருமுருகாற்றுப்படையும், கம்பரின் இராமகாதையும், சேக்கிழாரின் பெரியபுராணமும் ‘உலகு’ என்னும் சொல்லையே தலைவாசலாகக் கொண்டு திறக்கின்றன. அரபு மண்ணில் நிகழ்ந்த மாநபி வரலாற்றைத் தமிழில் பாட வந்த உமறுப்புலவரும் இம்மரபை மீறவில்லை. ‘திரு’ என்னும் சொல்லை முன்வைத்தே சீறாப்புராணத்தைத் தொடங்கினார். பொருள் எந்நாட்டதாயினும் வாசல் தமிழ் வாசலாக இருக்கட்டும் என அவர் கருதினார் போலும்!

உரைநடையில் நாவல் என்னும் புதிய இலக்கிய வகை பிறந்தபோது இந்த மங்கல மரபு மெல்ல விடைபெற்றது. 1879ஆம் ஆண்டு வெளிவந்த பிரதாப முதலியார் சரித்திரத்தில் கதைத் தலைவனே முன்வந்து தன் குலத்தையும் பிறப்பையும் சொல்லத் தொடங்குகிறான். ராஜமையரின் கமலாம்பாள் சரித்திரமோ எவ்வித அலங்காரமுமின்றி, மதுரைச் சீமையின் சிற்றூர் ஒன்றைச் சுட்டிக்காட்டித் தொடங்கிவிடுகிறது. காப்பியத்தின் முதற்சொல் இறையருளை வேண்டி நின்றது. நாவலின் முதல் வாக்கியம் வாசகனின் நேரத்தை வேண்டி நிற்கிறது. ஒரு புத்தகத்தைக் கையிலெடுத்து நின்றபடியே முதற்பக்கத்தைப் புரட்டும் ஒருவர், அதனைக் கீழே வைத்துவிடுவாரா அல்லது அமர்ந்து படிப்பாரா என்பது பெரும்பாலும் அந்த ஒரு வாக்கியத்திலேயே முடிவாகிவிடுகிறது.

இதனை இங்கு எழுத நேர்ந்ததற்கு ஒரு காரணம் உண்டு. நம் துறையில் மூன்றாண்டுகளாக வியாழன்தோறும் மாலையில் ஒரு சிறு கூட்டம் நடைபெற்று வருகிறது. மறுநாள் ஜும்ஆ நாளாதலால் விடுதி மாணவர் சிலர் அன்றே ஊருக்குப் புறப்பட்டுவிடுவர். எஞ்சியோர் இருபது, இருபத்தைந்து பேர் கூடுவர். ஒருவர் எழுந்து தாம் அண்மையில் படித்த நாவலின் முதல் வாக்கியத்தை வாசிப்பார். நூலின் பெயரையோ ஆசிரியரின் பெயரையோ சொல்லலாகாது. கேட்டிருப்போர், இது எக்காலத்துக் கதை, சொல்பவர் ஆணா பெண்ணா, இனி வரப்போவது இன்பமா துன்பமா என ஊகித்துரைப்பர். பின்னர் அந்நூல் மேசைமேல் வைக்கப்படும். விரும்பியவர் ஏட்டில் கையொப்பமிட்டு எடுத்துச் செல்லலாம். எடுத்துச் சென்றவர் அடுத்த கூட்டத்தில் ஊகம் பலித்ததா பொய்த்ததா என்று சொல்ல வேண்டும். விதி இவ்வளவே. தேநீருக்கான செலவைத் தவிரத் துறைக்கு இதனால் வேறு செலவில்லை.

சென்ற ஆண்டு, கல்லூரியின் வளர்ச்சிக்குப் பல வகையிலும் துணைநின்ற பெரியவர் ஒருவர் நம்மைத் தனியே அழைத்துப் பேசினார். அவர்தம் பேத்தி நம் மாணவி. “தம்பி, நீங்கள் தமிழ் சொல்லிக் கொடுக்கிறீர்கள், சந்தோஷம். ஆனால் ஆணும் பெண்ணும் இருக்கிற இடத்தில் காதல் கதையின் முதல் வரியை வாசித்து, ‘இனி என்ன நடக்கும்’ என்று கேட்பது முறைதானா? தூண்டில் போடுவது போல அல்லவா இருக்கிறது? படிக்க நல்ல புத்தகமே இல்லையா?” என்றார். துறை நூலகத்தில் காதல் நாவல்களுக்கென இருக்கும் இரண்டு அடுக்குகளை எடுத்துவிட்டு, அவ்விடத்தில் வாழ்க்கைக்கு ஊக்கம் தரும் நூல்களை வைக்கலாம் என்றும், அதற்கான செலவைத் தாமே ஏற்பதாகவும் கூறினார்.

அவர் சினந்து பேசவில்லை, கவலையோடு பேசினார். ஆகவே அவ்விடத்திலேயே மறுத்துரைக்க நமக்கு நா எழவில்லை. “யோசித்துச் சொல்கிறேன், மாமா” என்று மட்டும் கூறி வந்தோம். யோசித்ததை இம்மலரில் எழுதுகிறோம். இதே ஐயம் வேறு பல வீடுகளிலும் இருக்கக்கூடும் அன்றோ?

தூண்டில் என்னும் சொல்லையே முதலில் எடுத்துக்கொள்வோம். அதனைக் கேட்ட மாத்திரத்தில் நம் நினைவில் எழுந்தது நம் வீட்டு ராத்தாவின் நாற்பது பக்க நோட்டு. பத்தாம் வகுப்போடு ராத்தாவின் படிப்பு நிறுத்தப்பட்டது. மதிப்பெண் குறைந்ததாலன்று, பள்ளியிலேயே இரண்டாவதாக வந்தவர். உயர்நிலைப் பள்ளிக்கு அப்பால் படிக்க வேண்டுமானால் பேருந்தேற வேண்டும். பேருந்தேறும் வழக்கம் அன்று எம் தெருப் பெண்களுக்கு இல்லை. வாப்பா கல்வியின் அருமை அறியாதவர் அல்லர். எனினும் தெருவின் வழக்கம் வாப்பாவைவிடப் பெரிதாக இருந்தது.

எங்கள் ஊர்க் கடைத்தெருவில் ‘லெண்டிங் லைப்ரரி’ ஒன்று இருந்தது. நாள் வாடகைக்கு நாவல்கள் கிடைக்கும். ராத்தா கடைத்தெருவுக்குப் போக முடியாது; சிறுவனாகிய நாமே தூதுவர். அங்கிருந்த புத்தகங்கள் நூறு கை பட்டவை. அட்டை கிழிந்து, தலைப்புப் பக்கம் உதிர்ந்து, கடைக்காரர் பழுப்புத் தாளில் அட்டையிட்டு முதுகில் ஓர் எண்ணை மட்டும் எழுதி வைத்திருப்பார். அவ்வெண்ணும் மழையில் நனைந்தால் அழிந்துபோகும். நூலின் பெயர் தெரியாது. ஆசிரியர் பெயர் தெரியாது. ஏற்கெனவே படித்ததா இல்லையா என்பதையும் அறிய வழியில்லை. ஒருமுறை படித்ததையே நாம் மீண்டும் எடுத்து வந்துவிட, ஒரு நாள் வாடகை வீணாயிற்று. அதன் பின்னர்தான் ராத்தா அந்த நோட்டைத் தொடங்கினார். படித்து முடித்த ஒவ்வொரு நாவலின் முதல் வாக்கியத்தையும் அதில் எழுதி வைப்பார். நாம் கடைக்குச் செல்லும்போது நோட்டையும் உடன் கொண்டு சென்று, புத்தகத்தின் முதல் வரியை நோட்டோடு ஒப்பிட்டுப் பார்த்து எடுத்து வருவோம். எட்டு வயதில் பாட பேதம் பார்க்கும் பயிற்சி நமக்கு அவ்வாறே கிடைத்தது! பிற்காலத்தில் எம்.ஃபில். பட்டத்திற்காகச் சுவடிப் பதிப்புகளை ஒப்பிட நேர்ந்தபோது, இவ்வேலை நமக்குப் புதிதாகத் தோன்றவில்லை.

அந்த நோட்டு ராத்தாவோடு நின்றுவிடவில்லை. பக்கத்து வீட்டு மாமி கேட்பார். அடுத்த தெருவிலிருந்து பெரியம்மா மகள் ஆளனுப்புவார். கொல்லைச் சுவருக்கு இப்புறம் நின்று ராத்தா ஒரு வாக்கியத்தைச் சொல்வார். அப்புறமிருந்து, “அது படிச்சாச்சு, வேற சொல்லு” என்றோ, “அதைத்தான் வாங்கி அனுப்பு” என்றோ மறுமொழி வரும். பெயரில்லாத புத்தகங்களுக்கு முதல் வரியே பெயராக வழங்கிற்று. இலக்கிய மன்றம், நூல் அறிமுக விழா என்பனவற்றையெல்லாம் கண்டிராத அப்பெண்கள் நடத்திய வாசகர் வட்டம் அது. நம் துறையின் வியாழன் கூட்டத்துக்கு மூலம் எதுவென வினவுவோர்க்கு நாம் காட்டக்கூடிய ஆதாரம் அந்தக் கொல்லைச் சுவர்தான். பெரியவர் தூண்டில் என்றார். ராத்தாவுக்கும் அவர் தோழியர்க்கும் அது ஒரு நூலை இன்ன நூல் என்று அறிய உதவிய அடையாளமாக இருந்தது.

அந்நாவல்கள் யாவும் சிறந்த இலக்கியங்கள் என்று நாம் வாதிடப் போவதில்லை. ரமணிசந்திரன் நாவல்களும், மாத இதழ்களாக வந்த பலருடைய கதைகளுமே அவற்றுள் மிகுதி. பெரும்பாலானவற்றின் முதல் வரியில் காலைக் கதிரவனோ மாலைத் தென்றலோ தவறாமல் வந்துவிடும். (இயற்கை வருணனையோடுதான் கதையைத் தொடங்க வேண்டும் என்று எந்த இலக்கண நூல் விதித்ததோ நாமறியோம். நம் மாணவர் எழுதும் சிறுகதைகளிலும் இன்றுவரை சூரியன் உதித்த பின்னரே மனிதர்கள் எழுகின்றனர்.) ஆயினும் ராத்தா அங்கேயே நின்றுவிடவில்லை. அந்த நோட்டைப் பின்னாளில் புரட்டிப் பார்த்தபோது அதில் ஒரு பயணம் புலப்பட்டது. முற்பகுதியில் தென்றலும் நிலவும், நடுவில் கல்கி, பின்னர் மு.வ.வும் நா.பார்த்தசாரதியும், இறுதிப் பக்கங்களில் ஜெயகாந்தன். இப்பட்டியலை எந்த ஆசிரியரும் அவருக்கு வகுத்துக் கொடுக்கவில்லை. முதல் அடுக்கைப் படித்து முடித்த கை இரண்டாம் அடுக்கைத் தேடிச் சென்றது. காதல் நாவல் அடுக்கை அகற்றி ஊக்க நூல் அடுக்கை வைக்கலாம் என்னும் யோசனையில் நாம் காணும் இடர்ப்பாடு இதுவே. கீழ்ப்படியை எடுத்துவிட்டு மேற்படிக்கு ஏறச் சொல்வது எங்ஙனம்?

கல்கியின் தொடக்கங்களைப் பற்றி இவ்விடத்தில் சற்று விரிவாகச் சொல்ல ஆசை. பார்த்திபன் கனவு காவிரிக் கரையின் தோணித்துறை ஒன்றில் தொடங்குகிறது. சிவகாமியின் சபதத்தில் காஞ்சியை நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில் வழிப்போக்கர் இருவர் நடந்து வருகின்றனர். 1950 முதல் 1954 வரை தொடராக வந்த பொன்னியின் செல்வனில் ஆசிரியர் நம்மையே ஓடத்தில் ஏற்றிக் காலவெள்ளத்தில் தொள்ளாயிரம் ஆண்டுகளுக்கும் மேலாகப் பின்னோக்கி அழைத்துச் சென்று, ஆடிப்பெருக்கு நாளில் வீரநாராயண ஏரிக்கரையில் இறக்கி, குதிரையில் வரும் வாலிபன் ஒருவனைக் காட்டுகிறார். சாகித்திய அகாதெமி பரிசு பெற்ற அலை ஓசையின் முதல் அத்தியாயமோ ஒரு கிராமத்துத் தபால் சாவடி. துறை, சாலை, ஏரிக்கரை, தபால் சாவடி என இவை யாவும் யாரும் நிலையாகத் தங்காத இடங்கள். வருவோரும் போவோரும் சந்திக்கும் இடங்கள். வீட்டுக்குள் இருந்தபடி படிக்கும் வாசகரை முதல் பக்கத்திலேயே வீட்டுக்கு வெளியே கொண்டுவந்து நிறுத்திவிடுகிறார் கல்கி. வார இதழைப் பெருமளவில் வீடுகளில் இருந்தவாறு படித்தவர்கள் பெண்களே என்பதை அவர் நன்கறிந்திருந்தார் என்று தோன்றுகிறது. வீராணம் ஏரியைத் தாம் முதன்முதலில் பார்த்தது அந்த நாவலின் முதல் அத்தியாயத்தில்தான் என்று ராத்தா சொல்வதுண்டு. உண்மையான ஏரியை அவர் பார்த்தது ஐம்பது வயதை நெருங்கிய பின்னர், பேருந்தின் சாளரம் வழியாக.

ஊக்கம் தரும் நூல்கள் என்று பெரியவர் குறிப்பிட்டவற்றையும் நாவலிலிருந்து பிரித்துவிட முடியுமா என்பது அடுத்த வினா. நா.பா.வின் குறிஞ்சி மலரைக் காதல் நாவல் என்பதா, இலட்சிய நாவல் என்பதா? தமிழ்ப் பேராசிரியரான தந்தையை இழந்து, தம்பி தங்கையரைக் காக்கும் பொறுப்பினைத் தாங்கி நிற்கும் பூரணியைத்தான் கதையின் தொடக்கப் பகுதியிலேயே சந்திக்கிறோம். அரவிந்தனின் காதல் பின்னர் வருவது. ஒரு தலைமுறைப் பெற்றோர் தம் மக்களுக்குப் பூரணி என்றும் அரவிந்தன் என்றும் பெயரிட்டு மகிழ்ந்தனர். மு.வ.வின் அகல் விளக்கு இரு நண்பர்களின் கதை. அழகும் அறிவும் வாய்த்த சந்திரன் சரிந்து போகிறான். எளியவனான வேலய்யன் நிலைத்து நிற்கிறான். அதன் அறவுரை இன்றைய மாணவர்க்குச் சற்றுத் திகட்டலாம். நமக்கே சில இடங்களில் திகட்டுகிறது. ஆனால் சந்திரன் எங்ஙனம் தவறினான் என்பதை மறைத்துவிட்டு வேலய்யனின் உறுதியை மட்டும் காட்டியிருந்தால், அந்நூலை எவர் படித்திருப்பார்?

இவை நம் சமுதாயத்துக்குப் புறம்பானவை என்பார்க்கு நம் வரலாற்றையே எடுத்துக் காட்டலாம். கண்டியில் பிறந்து வழக்கறிஞராகப் பணியாற்றிய அறிஞர் சித்திலெவ்வை மரைக்கார் 1882இல் முஸ்லிம் நேசன் இதழைத் தொடங்கியவர். பள்ளிக்கூடங்கள் அமைக்கப் பாடுபட்டவர். அவர் 1885இல் எழுதிய நூல் அசன்பே சரித்திரம். எகிப்து நாட்டில் பிறந்து, குழந்தைப் பருவத்திலேயே கடத்தப்பட்டு, பம்பாயிலும் கல்கத்தாவிலும் வளர்ந்து, மீண்டும் தன் குடும்பத்தைக் கண்டடையும் ஓர் இளைஞனின் கதை அது. சமுதாயத்தின் கல்விக்காக இரவு பகலாக உழைத்த ஒருவர், கதை எழுதுவதை வீண் வேலையாகக் கருதவில்லை. தமிழ் நாவல் பிறந்து ஆறே ஆண்டுகளில் நம்மவர் ஒருவர் அதன் வாசலில் நின்றிருந்தார் என்பது நாம் பெருமையோடு நினைக்கத்தக்கது.

அதனினும் பெருமைக்குரியது 1938ஆம் ஆண்டு. நாகூரைச் சேர்ந்த சித்தி ஜுனைதா பேகம் அம்மையார் அவ்வாண்டில் தம் முதல் நாவலை வெளியிட்டார். மூன்றாம் வகுப்பு வரையே பள்ளிக்கூடம் கண்டவர். அப்போது அவருக்கு வயது இருபத்தொன்று. நாவலின் பெயர் ‘காதலா? கடமையா?’. அந்நூலுக்கு மதிப்புரை வழங்கிச் சிறப்பித்தவர் தமிழ்த் தாத்தா உ.வே.சாமிநாதையர். சங்க நூல்களை அச்சேற்றிய அப்பெருந்தகை, கடலோர ஊரொன்றின் முஸ்லிம் இளம்பெண் எழுதிய நாவலின் தலைப்பைக் கண்டு முகஞ்சுளிக்கவில்லை. இங்கு மற்றொரு செய்தியையும் ஒப்பிட்டுப் பார்க்கத் தோன்றுகிறது. இங்கிலாந்தில் 1847இல் சார்லட் பிராண்டி என்னும் பெண்மணி ஜேன் அயர் என்னும் புகழ்பெற்ற நாவலை வெளியிட்டபோது, தம் பெயரை மறைத்துக் கரர் பெல் என்னும் புனைபெயரையே இட்டுக்கொண்டார். ஜுனைதா பேகமோ தம் சொந்தப் பெயரிலேயே வெளியிட்டார். தொண்ணூறு ஆண்டுகளுக்குப் பின்னர் வந்தவர் என்பது உண்மையே. எனினும் அன்றைய நாகூரை அறிந்தவர்களுக்கு அத்துணிவின் அளவு விளங்கும்.

ஜேன் அயரின் தொடக்கத்தை நம் மாணவி ஒருவர் கூட்டத்தில் தமிழாக்கி வாசித்தார். அன்றைய குளிரிலும் மழையிலும் வெளியே உலாவச் செல்ல இயலாமற் போனதைச் சொல்லும் மிகச் சாதாரணமான வாக்கியம் அது. காதல் நாவல் என்று கேள்விப்பட்டு வந்தவர்களுக்கு ஏமாற்றம். பக்கத்தைத் திருப்பினாலோ, பத்து வயதுச் சிறுமி ஒருத்தி சாளரத்தின் திரைக்குப் பின்னால் கால்களை மடக்கி அமர்ந்து, பறவைகளைப் பற்றிய படப்புத்தகம் ஒன்றை ஒளிந்து படித்துக்கொண்டிருக்கிறாள். அவளை வளர்க்கும் வீட்டுப் பையன் வந்து, எங்கள் வீட்டுப் புத்தகத்தைத் தொட உனக்கென்ன உரிமை என்று அதட்டி, அந்தப் புத்தகத்தையே அவள்மீது வீசி எறிகிறான். தலையில் காயம். உலகம் போற்றும் காதல் நாவலொன்று, படிக்கும் உரிமைக்காக அடிபடும் ஒரு சிறுமியோடு தொடங்குகிறது என்பதை அறிந்தபோது கூட்டம் சிறிது நேரம் அமைதியாக இருந்தது. பின்வரிசையில் இருந்த மாணவி ஒருவர், “ஐயா, எங்க உம்மம்மா அரிசிப் பானைக்குள்ள புத்தகத்தை ஒளிச்சு வச்சிருந்தாங்களாம்” என்றார். அவ்வளவுதான், ஆளுக்கொரு கதை வந்தது. நெல் குதிர், தலையணை உறை, ஓதும் பலகைக்கு அடியில் என்று ஒவ்வொரு வீட்டிலும் ஓர் ஒளிவிடம் இருந்திருக்கிறது. அன்று ஊகித்தல் நடைபெறவே இல்லை. அந்த ஆங்கில நாவலின் தமிழாக்கத்தைக் கேட்டு ஏட்டில் ஏழு பேர் கையொப்பமிட்டனர்.

மலையாளத்தில் வைக்கம் முகம்மது பஷீர் 1944இல் வெளியிட்ட பால்யகால சகியும் இவ்வாறே நம்மைத் திகைக்க வைப்பது. மஜீதும் சுகறாவும் இளமைத் தோழர்கள் என்று சொல்லிய கையோடு, தோழமைக்கு முன்னர் அவர்கள் பகைவர்களாக இருந்த விந்தையையும் சொல்லித்தான் பஷீர் தொடங்குகிறார். சிரித்துக்கொண்டே உள்ளே நுழைகிறோம். சிறிது தூரம் சென்றதும் சுகறாவின் தந்தை இறந்துபோகிறார். வகுப்பில் கெட்டிக்காரியான அவளது படிப்பு நின்றுபோகிறது. அவளையும் சேர்த்துப் படிக்க வையுங்கள் என்று மஜீது தன் செல்வந்தத் தந்தையிடம் கேட்கிறான், தந்தை மறுத்துவிடுகிறார். அதன் பின்னர் அந்நாவலில் நேரும் துயரம் அனைத்துக்கும் வித்து அந்த மறுப்பே என்று நாம் கருதுகிறோம். இதனைக் காதல் கதை என்று ஒதுக்கி வைப்போமாயின், ஒரு பெண்ணின் கல்வியை நிறுத்தினால் என்ன நேரும் என்பதைச் சொல்லும் மிகச் சிறந்த சாட்சியத்தையும் அல்லவா ஒதுக்கி வைத்தவர்களாவோம்?

பாடத்திட்டத்திலும் ஒரு வேடிக்கை உண்டு. குறுந்தொகை முழுவதும் அகப்பாடல்களே. தலைவன் இரவிற் குறியிடம் தேடி வருவதையும், தோழி கதவு திறப்பதையும் நாம் அதே வகுப்பில் அதே மாணவ மாணவியர்க்கு நடத்துகிறோம்; தேர்வில் பதினாறு மதிப்பெண் வினாவாகவும் கேட்கிறோம். எந்தப் பெற்றோரும் இதுகாறும் வந்து முறையிட்டதில்லை. இரண்டாயிரம் ஆண்டு பழமையானால் காதலும் இலக்கியமாகிவிடுகிறது. உமறுப்புலவரும் கதீஜா நாயகியாரின் கனவுக்கெனவும் மணத்துக்கெனவும் தனித்தனிப் படலங்கள் அமைத்துப் பாடியவரே. அன்பு கண்ணியத்தோடு சொல்லப்படுகிறதா என்பதை அளந்து பார்க்கலாம். அன்பைப் பற்றிய பேச்சே கூடாது என்பது நம் முன்னோர் வழியன்று.

இவ்வளவும் சொன்ன பின்னர், நம் கூட்டத்தின் குறை ஒன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். முதல் வரியைப் பகிர்வதில் ஒரு மயக்கம் உண்டு. அழகிய வாக்கியங்களைத் திரட்டிக் கைப்பேசியில் ஒருவருக்கொருவர் அனுப்பிவிட்டு, நூலையே படித்துவிட்டதாக எண்ணிக்கொள்ளும் மாணவர்கள் இருக்கின்றனர். சென்ற பருவத்தில் மாணவர் ஒருவர் முப்பது நாவல்களின் முதல் வரிகளை மனப்பாடமாக ஒப்பித்தார். கைதட்டல் எழுந்தது. அவற்றுள் எத்தனை முழுதும் படித்தீர்கள் என்று கேட்டோம். “மூணு, ஐயா” என்றார். உண்மையைச் சொன்னாரே என்று மகிழ்ந்தோமே தவிர, அன்றிரவு நமக்கு உறக்கம் வரவில்லை. மாளிகையின் வாசல்களை மட்டும் எண்ணிவிட்டுத் திரும்பும் வழக்கத்தை நாமே ஏற்படுத்திவிட்டோமோ என்ற அச்சம். ஆகவே விதியைச் சற்று மாற்றினோம். முழுதும் படித்து முடித்தவரே இனி முதல் வரியை வாசிக்கலாம்; ‘முடிவைத் தெரிந்துகொண்ட பின்னர் இவ்வரி உங்களுக்கு எப்படித் தோன்றுகிறது’ என்ற வினாவுக்கும் விடை கூற வேண்டும். இதன்பின் வாசிக்க வருவோர் எண்ணிக்கை குறைந்தது. வந்தவர்களின் பேச்சு ஆழமானது. ராத்தாவின் நோட்டிலும் படித்து முடித்த நூல்களின் வரிகள் மட்டுமே இருந்தன என்பது நமக்குப் பிந்தித்தான் உறைத்தது.

இக்கருத்துகளில் பெரும்பாலானவற்றைச் சென்ற ரமளானுக்குப் பின்னர் அப்பெரியவரின் இல்லத்துக்கே சென்று சொன்னோம். பொறுமையாகக் கேட்டார். ராத்தாவின் நோட்டைப் பற்றிக் கேட்டபோது மட்டும், “அந்தப் பிள்ளை மேற்கொண்டு படிச்சிருக்கணும்” என்றார். நாம் ஒருநாள் கூட்டத்துக்கு வருமாறு அழைத்தோம். வருவார் என்று எதிர்பார்க்கவில்லை. இரண்டு வாரம் கழித்து, அசர் தொழுகையை முடித்துக்கொண்டு பேத்தியோடு வந்து பின்வரிசையில் அமர்ந்தார். மாணவர்கள் எழுந்து சலாம் கூறினர். மூன்று பேர் வாசித்தனர். ஒன்று தோப்பில் முகம்மது மீரானின் ஒரு கடலோர கிராமத்தின் கதை. ஏனைய இரண்டும் காதல் நாவல்களே. பெரியவருக்காக எதனையும் மாற்ற வேண்டா என்று முன்னரே சொல்லியிருந்தோம்.

கூட்டம் முடியும் வேளையில் அவர் கையை உயர்த்தினார். இளமையில் ரங்கூனிலிருந்து திரும்பிய தம் சாச்சா ஒரு பெட்டி நிறையப் புத்தகம் கொண்டுவந்ததாகவும், அதில் ஒன்றை மாடியறையில் ஒளிந்து படித்ததாகவும் கூறினார். முதல் வரி இன்னும் மறக்கவில்லை என்று சொல்லி, தொண்டையைச் செருமிக்கொண்டு அதனைச் சொன்னார். கப்பல் துறையில் வந்து இறங்கும் ஒருவன், தன்னை அழைத்துப்போக வந்தவர்களுள் ஒரு முகத்தை மட்டும் காணாமல் தேடுவதாக அமைந்த வாக்கியம். சொல்லும்போது அவர் குரல் சற்றுத் தழைந்தது. மாணவர்கள் ஊகிக்கத் தொடங்கினர். தேடப்படுபவள் தாய் என்றார் ஒருவர். மனைவி என்றார் மற்றொருவர். இறந்திருப்பாள் என்றாள் பேத்தி. பெரியவர் எதற்கும் ஆம் என்றோ அல்ல என்றோ சொல்லவில்லை.

நூலின் பெயர் என்ன என்று கேட்டோம். “அட்டை இல்லை, தம்பி. பாதி படிக்கையிலே வாப்பா வந்து வாங்கிட்டுப் போயிட்டாங்க. அப்புறம் அது கண்ணுல படவே இல்லை” என்றார்.

காதல் நாவல் அடுக்குகளைப் பற்றி அவர் அன்று ஒன்றும் பேசவில்லை. கருத்தை மாற்றிக்கொண்டதாகவும் சொல்லவில்லை. புறப்படும்போது, “அந்தப் புத்தகம் உங்கள் லைப்ரரியிலே எங்கேயாவது இருக்குமா, பாருங்களேன்” என்று மட்டும் கூறிச் சென்றார். துறை நூலகத்தில் பார்த்துவிட்டோம், இல்லை. பழைய நூல்களைப் பேணி வைத்திருக்கும் இல்லத்தார் எவரேனும் இம்மலரைப் படிக்க நேர்ந்தால், கப்பல் துறையில் தொடங்கும் நாவல் ஏதும் தம் பெட்டியில் உள்ளதா என்று பார்த்துத் துறைக்குத் தெரிவிக்க வேண்டுகிறோம். அட்டை இல்லாவிட்டாலும் குற்றமில்லை.